பாக்கெட் எங்கே நின்றது? ராமநாதபுரம் கடற்கரையில் டிஜிபீட்டர் பாதையைச் சரிசெய்தல்

போன கோடையில் ஒரு நண்பர் தனுஷ்கோடிக்குக் காரில் போய்விட்டு, ராமேஸ்வரம் திரும்பியதும் போன் செய்தார். "அண்ணே, வைட்2-2 போட்டேன், வைட்3-3 போட்டேன், அரிச்சல்முனையிலேர்ந்து ஒண்ணுமே வெளிய போகல. இன்னும் நீளமாப் போடவா?" அவர் காரில் இருப்பது ஏபிஆர்எஸ் டிராக்கர்: காரின் இருப்பிடத்தைச் சின்னத் தரவுப் பொட்டலமாக, அதாவது பாக்கெட்டாக, ஹாம் (அமெச்சூர்) ரேடியோவில் அனுப்பும் கருவி. அதைக் கேட்டுத் திரும்ப அனுப்பும் நிலையம்தான் டிஜிபீட்டர், சுருக்கமாக டிஜி. வைட்2-2 போன்றவைதான் பாதை: எத்தனை டிஜி தாண்டிப் போகலாம் என்று பாக்கெட்டில் எழுதும் குறிப்பு. அவர் காரிலிருந்து போன பாக்கெட் ஒன்றுகூட முதல் டிஜிபீட்டரின் காதில் விழவில்லை. கேட்காத பாக்கெட்டுக்குப் பாதை எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன? பஸ் ஏறாதவர் கையில் தொண்டி வரைக்கும் டிக்கெட் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கரையில் ஏபிஆர்எஸ்ஸும் பாக்கெட்டும் ஓட்டுகிற ஹாம் நண்பர்கள் என்னிடம் கொண்டுவரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். பாதையில் கோளாறு என்று நினைத்துப் பாதையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கோளாறு ஒலி அளவில் இருக்கும், ஆண்டெனா உயரத்தில் இருக்கும், உப்பு தின்ற ஒரு கனெக்டரில் இருக்கும். பாதையே தப்பாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு, அவற்றையும் கீழே சொல்கிறேன். எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

முதலில் காதில் விழுந்த வரியைப் படியுங்கள்

டயர்வுல்ஃப் (சவுண்டு கார்டு வழியாகப் பாக்கெட்டைப் படிக்கும் மென்பொருள்) ஓடும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியோ, அதே வேலையைச் செய்யும் பழைய டிஎன்சிப் பெட்டியோ, திரை உள்ள ரிக்கோ (ரேடியோ), எதுவானாலும் கேட்ட பாக்கெட்டை ஒரு வரியாகக் காட்டும். அந்த வரியில் பாக்கெட்டின் பயணம் முழுக்க எழுதியிருக்கிறது. உண்மையான கால்சைன்களுக்குப் (நிலையங்களின் அழைப்புப் பெயர்களுக்குப்) பதிலாக இங்கே ஊர்ப்பெயர்களைப் போட்டுக் காட்டுகிறேன்.

கார் அனுப்பியபோது: கார்-9, வைட்1-1, வைட்2-1
ஒரு வீட்டு டிஜி எடுத்துக் கொடுத்த பின்: கார்-9, தங்கச்சிமடம்*, வைட்2-1
உயரமான டிஜி எடுத்த பின்: கார்-9, தங்கச்சிமடம், மண்டபம்*

அந்த நட்சத்திரக் குறிதான் எல்லாம். நட்சத்திரம் விழுந்த இடமும் அதற்கு முன்னால் உள்ளவையும் செலவாகிவிட்டன. அதற்குப் பின்னால் இருப்பது இன்னும் பாக்கி. சில மென்பொருள்கள் செலவான ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போடும், சில கடைசியாக எடுத்துக் கொடுத்ததற்கு மட்டும் போடும். சில டிஜிகள் தம் கால்சைனுக்குப் பக்கத்தில் வைட்2* என்று மிச்சத்தையும் விட்டுவைக்கும். படிக்கும் முறை ஒன்றுதான்.

ஒரு டிஜி ஒரு பாக்கெட்டைக் கேட்டால், இன்னும் செலவாகாத இடங்களில் முதலாவதை மட்டுமே பார்க்கும். அது தனக்கானதாக இருந்தால் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் விட்டுவிடும், அதைத் தாண்டி அடுத்ததைப் பார்க்காது. பாதி அறிகுறிகளுக்கு விளக்கம் இந்த ஒரு விதியில் இருக்கிறது.

வைட்2-1 என்பதில் முதல் எண் பெயரின் ஒரு பகுதி, இரண்டாவது எண் எத்தனை ஹாப் (டிஜி தாவல்) மிச்சம் என்பதற்கு. வைட்2-2 ஒரு டிஜியைக் கடந்தால் வைட்2-1 ஆகும், இன்னொன்றைக் கடந்தால் தீர்ந்தது. வைட்1-1 என்பது பக்கத்து வீட்டு மாடியில் இருக்கும் சின்ன டிஜிகளுக்கானது. ஏபிஆர்எஸ்ஸை உருவாக்கிய பாப் புருனிங்கா, பழைய ரிலே, வைட், டிரேஸ் பெயர்கள் அலைவரிசையை அடைத்துப்போட்டதைப் பார்த்துத்தான் 2004, 2005 வாக்கில் இந்த முறைக்கு எல்லோரையும் மாறச் சொன்னார். இன்னும் ரிலே என்று எழுதியிருக்கும் டிராக்கர் யாரிடமாவது கிடந்தால் உடனே மாற்றிவிடுங்கள். இன்றைய டிஜிகள் அதைக் கண்டுகொள்வதில்லை.

அறிகுறி: என் பீக்கனை எந்த டிஜியும் எடுக்கவில்லை

பாதையைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு கை ரிக்கை அதே அலைவரிசையில் வைத்துக் கேளுங்கள். உங்கள் பீக்கன் (கருவி தானாக அவ்வப்போது விடும் பாக்கெட்) போகும்போது "க்ர்ர்ர்" என்று அந்தக் கரகரப்பு கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் பிடிடி (ரிக்கை அனுப்ப வைக்கும் பொத்தான்) வேலை செய்யவில்லை, அல்லது அலைவரிசை தப்பு. வெளிநாட்டிலிருந்து வாங்கிய டிராக்கரில் பெரும்பாலும் 144.390 மெகாஹெர்ட்ஸ் இருக்கும். அது வட அமெரிக்காவுக்கானது. ஐரோப்பாவில் 144.800. உங்களைச் சுற்றியுள்ள நண்பர்கள் எதில் கூடியிருக்கிறார்களோ அதை வையுங்கள்.

கரகரப்பு கேட்கிறது, ஆனால் யாரும் எடுக்கவில்லை என்றால் அடுத்து ஒலி அளவு. இங்கேதான் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். 1200 பாட் வேகத்தில் போகும் பாக்கெட் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு தொனிகளால் ஆனது. சவுண்டு கார்டின் ஒலியை அதிகமாக ஏற்றிவிட்டால் ரிக்கின் மைக் பகுதி அதை வெட்டித் தட்டையாக்கும். காதுக்கு அது பலமாக, நன்றாகவே கேட்கும். ஆனால் எதிரில் உள்ள டிஎன்சிக்கு இரண்டு தொனிகளும் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். "நல்லா சத்தமா போகுதே, ஏன் எடுக்கல?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சத்தத்தைக் குறையுங்கள். கேட்கிற ரிக்கில் சத்தம் இதற்கு மேல் ஏறவில்லை என்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தெளிவாகத் தணிகிற வரைக்கும் கீழே இறக்கி வையுங்கள். அளக்க வசதி இருந்தால் விலகல் (ஒலியால் அலைவரிசை நகரும் அளவு) 3 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும்.

கேட்கும் பக்கத்திலும் இதே கதைதான். டயர்வுல்ஃப் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒலி அளவை ஓர் எண்ணாகக் காட்டும். அது 50-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 5, 6 என்று வந்தாலோ, 100-ஐத் தாண்டினாலோ ஸ்பீக்கர் திருகைத் தொட வேண்டும். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்து வையுங்கள். மூடி வைத்தால் அது திறக்கிற அந்த நொடித் துணுக்கில் பாக்கெட்டின் தலை போய்விடும்.

அடுத்து டிஎக்ஸ்டிலே. பிடிடி அழுத்தியதும் ரிக் உடனே முழு பலத்துக்கு வராது. அதற்காகப் பாக்கெட்டுக்கு முன் கொஞ்சம் இடைவெளி விடுவதுதான் இது. டயர்வுல்ஃபில் 30 என்று போட்டால் 300 மில்லிசெகண்டு. மலிவான கை ரிக்கை வாக்ஸில் (ஒலி வந்தால் தானே அனுப்பத் தொடங்கும் முறையில்) ஓட்டினால் 300 போதாது, 500 வரை ஏற்றிப் பாருங்கள். முடிந்தால் வாக்ஸை விட்டுவிட்டுப் பிடிடிக்குத் தனிக்கம்பி போடுங்கள். பாக்கெட் முடிந்த பிறகும் வாக்ஸ் சிறிது நேரம் ரிக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வரும் பதில் உங்களுக்குக் கேட்காது.

இதெல்லாம் சரியென்றால் மட்டும் பாதைக்கு வாருங்கள். நான் அடிக்கடி பார்க்கும் தப்பு வரிசை மாறிப்போவது: வைட்2-1, வைட்1-1 என்று தலைகீழாக எழுதியிருப்பார்கள். மேலே சொன்ன விதியை வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சின்ன டிஜிக்கு வைட்1-1 மட்டும்தான் தெரியும். அதன் கண்ணில் முதலில் படுவது வைட்2-1. தனக்கில்லை என்று விட்டுவிடும். இன்னொரு தப்பு, வைட்1 என்று எழுதி பின்னால் உள்ள -1 ஐ விட்டுவிடுவது. எண் இல்லையென்றால் ஹாப் மிச்சமில்லை என்றுதான் பொருள்.

அறிகுறி: மண்டபத்தில் ஓடுகிறது, தனுஷ்கோடி போனால் செத்துவிடுகிறது

இது பூமியின் வளைவு செய்கிற வேலை. நாம் பயன்படுத்தும் விஎச்எஃப் அலைக்கு (144 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைக்கு) அடிவானம் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவது எளிது. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். அனுப்புகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் ஒரு மாடி வீட்டில் தரையிலிருந்து 9 மீட்டரில் டிஜி ஆண்டெனா இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு 12 கிலோமீட்டர். கார் கூரை 2 மீட்டர், அதற்கு 6 கிலோமீட்டர்கூட வராது. மொத்தம் 18. பாம்பன் பாலம் தாண்டியும் நன்றாக எடுக்கும், ராமேஸ்வரம் நெருங்க நெருங்கத் தடுமாறும். அரிச்சல்முனை அங்கிருந்து நேர்கோட்டிலேயே 30 கிலோமீட்டருக்கு மேல். பாதையில் என்ன எழுதினாலும் அது எட்டாது.

ராமேஸ்வரம் ஊருக்குள் 12 மீட்டரில் ஒரு சின்ன டிஜி இருந்தால் கணக்கு 20 கிலோமீட்டர் வருகிறது. பழைய தனுஷ்கோடியின் இடிந்த சர்ச் வரைக்கும் வைட்1-1 ஐ அது எடுத்துக் கொடுக்கும். அரிச்சல்முனை விளிம்பில் இருக்கிறது, ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் விடும். உயரத்தை இரு மடங்காக்கி 24 மீட்டருக்குக் கொண்டுபோனாலும் டிஜியின் அடிவானம் 14-லிருந்து 20 கிலோமீட்டருக்குத்தான் போகும். ராமேஸ்வரத்தில் நிற்கும் 323 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரத்தின் உச்சியில் இருந்து பார்த்தால் இதே கணக்கு 74 கிலோமீட்டர் கொடுக்கும். வீட்டு மாடியை வைத்து அதற்கு ஆசைப்பட முடியாது. இன்னும் ஒரு சின்ன டிஜி சரியான இடத்தில் வைப்பதுதான் நமக்கு வழி.

ஆகவே தீவுக்குள் ஓடும் காருக்கு வைட்1-1, வைட்2-1 போதும். முதல் ஹாப்பை ராமேஸ்வரமோ தங்கச்சிமடமோ எடுக்கும், இரண்டாவதை மண்டபத்தில் உயரமான டிஜி ஒன்று எடுத்து உள்நாட்டுக்குக் கொடுக்கும். கை ரிக்கோடு கடற்கரையில் நடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் ஆண்டெனாவை இடுப்பில் மாட்டிக்கொண்டு பாதையைக் குறைசொல்லாதீர்கள். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஒரு பீக்கன் விட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அறிகுறி: ஒரே பாக்கெட் மூன்று நான்கு தடவை கேட்கிறது

இரண்டு தடவை கேட்டால் பெரும்பாலும் இயல்பு. நேராக ஒன்று, டிஜி வழியாக ஒன்று. நான்கைந்து என்றால் யாரோ பாதையை நீளமாக வைத்திருக்கிறார்கள், அல்லது தேவையில்லாத இடத்தில் ஒரு டிஜி ஓடுகிறது.

சுமார் 100 பைட் உள்ள ஒரு பாக்கெட் 1200 பாட்டில் போக முக்கால் செகண்டு நெருங்கும். டிஎக்ஸ்டிலேயும் சேர்ந்தால் ஒரு செகண்டு. அலைவரிசையில் 20 பேர் இருந்து, ஆளுக்கு நிமிடத்துக்கு ஒரு பீக்கன் விட்டு, ஒவ்வொன்றையும் மூன்று டிஜிகள் திரும்பச் சொன்னால், நிமிடத்துக்கு 80 செகண்டு வேண்டும். நிமிடத்தில் 60 தானே இருக்கிறது? ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எல்லாமே கெட்டுப்போகும். தொண்டியில் இருப்பவருக்குக் கீழக்கரையில் இருப்பவர் பேசுவது கேட்காது, இரண்டும் நடுவில் உள்ள டிஜியின் காதில் மட்டும் மோதும். அதனால் "நான் கேட்டுப்பார்த்துவிட்டுத்தான் அனுப்புறேன்" என்பது போதாது. குறைவாக அனுப்புவது ஒன்றுதான் மருந்து. வீட்டில் அசையாமல் இருக்கும் நிலையத்துக்கு அரைமணிக்கு ஒரு பீக்கன் தாராளம்.

உங்கள் டிஜியில் பார்க்க வேண்டியவை. ஒன்று, நகல் தடுப்பு: டயர்வுல்ஃபில் இயல்பாகவே 30 செகண்டு இருக்கும், ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்த பிறகு அந்த நேரத்துக்குள் அதே பாக்கெட் வந்தால் மறுபடி தொடாது. யாராவது அதைக் குறைத்திருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு, உங்கள் மாடி டிஜி எந்தப் பெயர்களுக்குப் பதில் சொல்கிறது? எட்டு, ஒன்பது மீட்டர் உயரத்தில் இருக்கும் வீட்டு டிஜி வைட்1-1 க்கு மட்டும் பதில் சொல்லட்டும். வைட்2 உயரமான டிஜிகளின் வேலை. இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்: ஆர்வத்தில் வைட்2 ஐயும் திறந்து வைக்கும் வீட்டு டிஜி, தன் தெருவுக்கு நன்மை செய்து மாவட்டத்துக்குத் தொந்தரவு கொடுக்கிறது. ஒரே ஊரில் இரண்டு வீட்டு டிஜிகள் இருந்தால் பேசி ஒன்றை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, வைட்3 முதல் வைட்7 வரை பெரிய எண்ணோடு வருகிறவை. டயர்வுல்ஃபின் மாதிரி அமைப்புக் கோப்பில் உள்ள டிஜிபீட் வரி இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு வைத்திருக்கிறது. அப்படி வரும் பாக்கெட்டை ஒரே ஒரு தடவை எடுத்துக் கொடுத்து, மிச்ச ஹாப்புகளை விழுங்கிவிடும். அனுப்பியவரின் பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கேட்கும், ஊருக்கும் தொல்லை இல்லை. உயரமான டிஜி வைத்திருப்பவர்கள் அந்த வரியை அழித்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள்.

அறிகுறி: என் டிஜி கேட்கிறது, ஆனால் எடுத்துக் கொடுப்பதில்லை

திரையில் பாக்கெட் வந்து விழுகிறது, டிஜி பேசாமல் இருக்கிறது. வரியைப் பாருங்கள். எல்லாவற்றிலும் நட்சத்திரம் விழுந்திருந்தால் பாதை தீர்ந்துவிட்டது, உங்கள் டிஜி பேசாமல் இருப்பதுதான் சரி. முதல் பாக்கி இடம் வைட்2-1 ஆக இருந்து, உங்களுடையது வைட்1-1 டிஜி என்றாலும் அப்படித்தான்.

பாக்கி இடம் உங்களுக்கானதுதான், ஆனாலும் அனுப்பவில்லை என்றால், டிஜி சமயம் பார்த்துக் காத்துக்கொண்டிருக்கலாம். யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து அது வாயைத் திறக்காது. பழைய டிஎன்சிகளில் இது சர்வசாதாரணம். ஸ்குவெல்ச்சைத் திறந்து வைத்தால் வெறும் இரைச்சலையே சிக்னல் என்று எடுத்துக்கொண்டு டிசிடி விளக்கு (சிக்னல் வருகிறது என்று காட்டும் விளக்கு) அணையாமல் எரியும். அந்த வகை டிஎன்சிக்கு மட்டும் ஸ்குவெல்ச்சை இரைச்சல் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கொஞ்சம் முன்னால் திறந்து வையுங்கள் என்று சொன்னது டயர்வுல்ஃப் போன்ற மென்பொருள் மோடத்துக்கு.

ஒரே கால்சைனும் அதன் பின்னால் வரும் எண்ணும் இரண்டு கருவியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். காருக்கு -9, கைக்கு -7, ஐகேட்டுக்கு (ரேடியோவில் கேட்டதை இணையத்துக்குக் கொடுக்கும் நிலையத்துக்கு) -10, படகில் எடுத்துப்போவதற்கு -8 என்று பிரித்துக்கொள்வது வழக்கம். வீட்டு டிஜியும் கார் டிராக்கரும் ஒரே பெயரில் இருந்தால், தன்னுடைய பாக்கெட்டே திரும்பி வந்திருக்கிறது என்று டிஜி அதை ஒதுக்கிவிடும்.

இன்னொன்று, பிடிடி அழுந்தியதும் யுஎஸ்பி சவுண்டு கார்டு துண்டிக்கப்பட்டுத் திரும்ப வருவது. ரிக்கின் ரேடியோ அலை கம்பி வழியாக உள்ளே புகுவதால் வருவது இது. யுஎஸ்பி கம்பியில் ஒரு ஃபெரைட் வளையத்தை மாட்டி அதில் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள், ரிக்கின் பவரை 5 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள்.

அறிகுறி: ஆறு மாதம் நன்றாக ஓடியது, மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது

இதற்குப் பாதையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பாதையை மாற்றச் சொல்லி எனக்கு வரும் கோரிக்கைகளில் முதலிடம் இதற்குத்தான்.

பாம்பனில் ஒரு மாடியில் நண்பரின் டிஜி இப்படி ஆனது. ஆண்டெனாவுக்குக் கீழே உள்ள பிஎல்-259 கனெக்டரைக் கழற்ற முதலில் கையால் முடியவில்லை, இடுக்கி வைத்துத் திருகினோம். உள்ளே நடு ஊசியைச் சுற்றிப் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. ஆண்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கம்பியின் வெளி உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தால், செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டிய பின்னல் கறுத்து, தொட்டதும் மாவாக உதிர்ந்தது. ஒரு சாண் வெட்டினோம், இன்னும் கறுப்பு. மூன்றடி வெட்டிய பிறகுதான் நல்ல செம்பைப் பார்த்தோம். கச்சான் காற்று தெற்குக் கடலிலிருந்து ஆறு மாதம் உப்பைத் தூவியிருக்கிறது, ஒட்டியிருந்த பிளாஸ்டிக் டேப் வெயிலில் உரிந்துபோயிருந்தது. புதுக் கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதா டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினோம். மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் ஓடு மாதிரி படிந்தால் மழைநீர் உள்ளே வடியாது. கனெக்டருக்குக் கீழே கோஆக்ஸைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டுவிடுங்கள், தண்ணீர் அதில் சொட்டிப் போய்விடும்.

ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா அலையை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் எண்) பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 1.3 இருந்தது 1.8 ஆனால் மாடி ஏறுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை மறக்காத கரை இது. வாடைக்காற்று மாதங்களில் டிஜி செத்துக்கிடக்கக் கூடாது.

அறிகுறி: இரவில் தெரியாத டிஜிகள் என் பாக்கெட்டை எடுக்கின்றன

வெயில் காலத்தில் காற்று அடங்கிய இரவுகளில் கடலுக்கு மேலே வெப்பக் காற்றும் ஈரக் காற்றும் அடுக்கடுக்காகப் படிந்து, விஎச்எஃப் அலை குழாய்க்குள் போவதுபோல வளைந்து வெகுதூரம் போகும். இந்தப் பக்கம் பாக் நீரிணை, அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, இரண்டு பக்கமும் தண்ணீராக இருப்பதால் நமக்கு இது அதிகம். 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை நண்பர்களின் கால்சைன்கள் திரையில் வரும், அடிவானக் கணக்கெல்லாம் பொய்த்துப்போகும்.

பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் உங்கள் டிஜிக்கு இது சோதனைக் காலம். வழக்கமாகக் கேட்காதவர்களின் பாக்கெட்டெல்லாம் கேட்டு அவற்றையும் திருப்பிச் சொல்லத் தொடங்கும், நம்மூர்க் காரின் சின்னச் சிக்னல் அடியில் போய்விடும். அந்த நாட்களில் வீட்டு நிலையத்தின் பாதையை வைட்2-1 என்று ஒரே ஹாப்பாகக் குறையுங்கள். பக்கத்தில் கேட்பவர்களே போதுமென்றால் பாதையைக் காலியாகவே விடுங்கள். விடிந்து வெயில் ஏறியதும் பெரும்பாலும் பழைய நிலைமை திரும்பிவிடும்.

அறிகுறி: இணைய வரைபடத்தில் தெரிகிறேன், செய்தி அனுப்பினால் பதில் வரவில்லை

வரைபடத்தில் உங்கள் புள்ளி தெரிந்தால் ஏதோ ஓர் ஐகேட் உங்களைக் கேட்டு இணையத்துக்குக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள். பல ஐகேட்டுகள் கேட்க மட்டும்தான் செய்யும், திரும்ப அனுப்பாது. அனுப்பும் ஐகேட் என்றால், அண்மையில் தன் பக்கத்தில் ரேடியோவில் கேட்ட நிலையத்துக்கான செய்தியை மட்டும் வெளியே விடும். டயர்வுல்ஃபில் ஐகேட்டின் பதில் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று தனியாக ஒரு வரி உண்டு. அந்த வரி இல்லையென்றால் அது எதையும் அனுப்பாது. அங்கே வைட்1-1 போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஐகேட் இருக்கும் இடம் கேட்கிற தூரத்தில்தான் ஆள் இருக்கிறார்.

உங்கள் பாதையில் நோகேட் அல்லது ஆர்எஃப்ஒன்லி என்று ஒரு சொல் எங்கிருந்தாவது ஒட்டிக்கொண்டிருந்தால் எந்த ஐகேட்டும் உங்களை இணையத்துக்கு ஏற்றாது. பயிற்சிக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்தவர்கள் பலர்.

அறிகுறி: இரண்டு டிஜி வழியாக இணைப்புப் போட்டால் பாதியில் அறுந்துவிடுகிறது

இது ஏபிஆர்எஸ் அல்ல, ஏஎக்ஸ்.25 என்ற பாக்கெட் ரேடியோ நெறிமுறையின் இணைப்பு முறை. தொண்டியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடுவில் இரண்டு டிஜிகள் வழியாக ஒருவரோடு ஒருவர் தட்டச்சு செய்து பேசுகிறீர்கள். டிஜிகள் எடுத்துக் கொடுப்பதோடு சரி, கிடைத்தது என்று அவை சொல்வதில்லை. கடைசியில் உள்ளவர்தான் சொல்ல வேண்டும், அந்தச் சொல்லும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பத்தில் எட்டுப் பாக்கெட் போகிறது என்று வையுங்கள். போக மூன்று கட்டம், வர மூன்று கட்டம். ஆறு தடவை 0.8 ஐப் பெருக்கினால் 0.26. நாலில் ஒன்றுதான் முதல் தடவையில் முடியும். மீதி எல்லாம் மறுபடி மறுபடி.

அதோடு பொறுமையில்லாத டிஎன்சி சேர்ந்தால் இன்னும் மோசம். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை டிஎன்சியில் ஃபிராக் என்பார்கள். டிஎன்சி-2 வகைக் கருவிகள் நடுவில் உள்ள டிஜிகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டி, அதை ஃபிராக்கோடு பெருக்கிக்கொள்ளும். ஃபிராக் 4 செகண்டு, நடுவில் இரண்டு டிஜி என்றால் 20 செகண்டு காத்திருக்கும். எல்லா மென்பொருளும் இப்படிச் செய்வதில்லை. உங்களுடையது செய்யவில்லை என்றால் நீங்களே ஃபிராக்கை ஏற்றிவிடுங்கள். பாக்கெட் நீளத்தையும் 128-லிருந்து 64 பைட்டாகக் குறைத்துப் பாருங்கள்.

இந்த வேலைக்கு வைட் பெயர்களைப் பயன்படுத்தாதீர்கள். வரிசையாக டிஜிகளின் கால்சைனையே எழுதுங்கள். நம் கடற்கரை ஒரு கயிறு மாதிரி நீண்டது: தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பெயர் சொல்லி அனுப்பினால் அந்தப் பக்கம் மட்டும் போகும், ஏர்வாடி, சாயல்குடிப் பக்கத்து அலைவரிசை அமைதியாக இருக்கும். ஏபிஆர்எஸ்ஸிலும் அசையாத நிலையங்களுக்கு இப்படிப் பெயர் சொல்லி எழுதுவதையே நான் விரும்புகிறேன். ஒரே ஆபத்து, நடுவில் ஒரு டிஜிக்கு மின்சாரம் போனால் பாக்கெட் அங்கேயே நின்றுவிடும். ஏபிஆர்எஸ் என்றால், அடுத்த டிஜி வைத்திருப்பவரிடம் சொல்லி, தன் கால்சைன் பாதையில் பின்னால் இருந்தாலும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் வசதியை டயர்வுல்ஃபில் திறந்துவைக்கச் சொல்லுங்கள். அப்போது உச்சிப்புளி தூங்கினாலும், தேவிபட்டினத்தை மண்டபம் நேராகக் கேட்கிற நாளில் பாக்கெட் நிற்காது.

அறிகுறி: விண்வெளி நிலையம் என் பாக்கெட்டை எடுப்பதில்லை

சர்வதேச விண்வெளி நிலையத்தின் டிஜி 145.825 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. பாதையில் அரிஸ், அதாவது ஏ, ஆர், ஐ, எஸ், எஸ் என்ற ஐந்து எழுத்துகள் மட்டும் போடுங்கள். தரையில் ஓடும் வைட்1-1 ஐ அங்கேயும் விட்டு வைப்பவர்கள்தான் அதிகம். வேலை முடிந்ததும் அலைவரிசையையும் பாதையையும் திரும்ப மாற்றுங்கள், இல்லையென்றால் மறுநாள் கார் எடுக்கும்போது "என் பீக்கனை எந்த டிஜியும் எடுக்கவில்லை" என்ற முதல் அறிகுறிக்கே வந்து நிற்பீர்கள். நிலையம் தலைக்கு மேலே இருக்கும் சில நிமிடங்களில் அலை நேராகப் போகிறது, வளைவும் மரங்களும் குறுக்கே இல்லை. அதனால் அரிச்சல்முனையில் நின்று ஒரு கை ரிக்கால் முயன்று பாருங்கள். ராமேஸ்வரம் டிஜிக்குச் சரியாக எட்டாத அந்த மணலிலிருந்து, 400 கிலோமீட்டர் உயரத்தில் போகும் ஒன்று உங்கள் கால்சைனைத் திருப்பிச் சொல்வது திரையில் நட்சத்திரத்தோடு வந்து விழும்.